ரப்பர் வழக்கு: ஐவர் கூடிய கதை – 6

சென்ற இதழில் ஐந்து அமைச்சர்களைப் பாங்காக்கில் விட்டுவிட்டு வந்தோம். 1967 ஆகஸ்ட் 8 அன்று கையெழுத்துப் போட்டு ஆசியானைத் தொடங்கியவர்கள் இந்தோனேசியாவின் ஆடம் மாலிக், மலேசியாவின் துன் அப்துல் ரசாக், பிலிப்பைன்ஸின் நார்சிஸோ ராமோஸ், சிங்கப்பூரின் எஸ். ராஜரத்தினம், தாய்லாந்தின் தானாட் கோமன். அதற்கடுத்த ஐந்தாண்டுகளின் கதையை எழுதப்போனால் ஒரு பக்கம்கூடத் தேறாது. கூடினார்கள், கைகுலுக்கினார்கள், கூட்டறிக்கை விட்டார்கள். பொதுச் செயலகம் என்று ஒரு கட்டடம் கிடையாது. ஒவ்வொரு நாட்டு வெளியுறவு அமைச்சகத்திலும் ஓர் அறையை ஒதுக்கி வேலையை ஓட்டினார்கள். சபா யாருக்குச் சொந்தம் என்ற தகராறில் மலேசியாவும் பிலிப்பைன்ஸும் 1968இல் பேச்சுவார்த்தையையே நிறுத்திக்கொண்டன. இப்படிப்பட்ட கூட்டாளிகள் வெளியாரிடம் போய் ஒரே குரலில் ஒரு வழக்கை வைப்பார்கள் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

வைத்தார்கள். அவர்களைப் பேசவைத்தது ரப்பர். ஆகவே மாநாட்டு மண்டபத்துக்குப் போகுமுன் தோட்டத்துக்குள் கொஞ்சம் நடந்துவிட்டு வருவோம்.

மலாயாத் தோட்டங்களில் விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். காலைப் பெயர்ப்பதிவான பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அவரவர் நிரைக்குப் போவார்கள். வெயில் ஏறினால் பால் இறங்காது. முதலில், நேற்றைய வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போட வேண்டும். பால் சேரும் கிண்ணமான மங்கை விரலால் துடைத்து நிமிர்த்தி வைக்க வேண்டும். பிறகு பழைய கோட்டை ஒட்டியே உளியை வைத்து, தாள் கனத்துக்குப் பட்டையைச் சீவ வேண்டும். ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம், கங்காணியின் ஏச்சு. குறைந்தால் பால் வராது. கை சரியாக விழுந்தால் ஒரு வெள்ளைக் கோடு சரிந்தோடி, தகரப் பீலியில் இறங்கி, சொட்டுச் சொட்டாக மங்கில் விழும். இப்படி நூற்றுக்கணக்கான மரங்கள். முடித்த பிறகு வந்த வழியே திரும்பி, மங்கு மங்காக வாளியில் ஊற்றிச் சேர்த்து, காண்டாக்கம்பில் இரண்டு பக்கமும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுபோய் நிறுக்க வேண்டும். மழை பெய்தால் அன்றைக்கு வெட்டு இல்லை.

அந்தக் கூலியில் ஒரு கொக்கி இருந்தது. தோட்டத் தொழிலாளர் சங்கமும் முதலாளிகள் சங்கமும் போட்டுக்கொண்ட ஒப்பந்தங்களில் பால்வெட்டுக்காரரின் கூலி ரப்பர் விலையோடு பிணைக்கப்பட்டிருந்தது. விலை ஏறினால் கூலி கொஞ்சம் ஏறும்; இறங்கினால் இறங்கும். லண்டனிலும் சிங்கப்பூரிலும் தரகர்கள் சொல்லும் எண் தொழிலாளர் லயத்து வீட்டுச் சோற்றுப்பானை வரைக்கும் வந்து சேர்ந்தது. 1960இல் ஒரு ராத்தல் ரப்பர் ஒரு வெள்ளிக்கு மேல் விற்றது. 1972இல் ஏறக்குறைய 40 காசுக்கு வந்துவிட்டது. மரம் அதே மரம். உளி அதே உளி. ஹெக்டேருக்கு இறங்கிய பாலோ முன்பைவிடக் கூடுதல். அப்படியிருக்க விலை ஏன் இப்படி விழுந்தது?

பதில் ஜப்பானின் யொக்காயிச்சி போன்ற ஊர்களில் இருந்தது, அதாவது ஒரு பங்கு பதில். இசே விரிகுடாக் கரையில் இருக்கும் அந்த ஊரில் பெட்ரோலிய ரசாயன ஆலைகள் வரிசையாக எழுந்திருந்தன. கச்சா எண்ணெயிலிருந்து நாப்தா, நாப்தாவிலிருந்து பியூட்டாடையீன், அதிலிருந்து ரப்பர். இதற்கென்றே 1957இல் அரசு தனிச் சட்டம் போட்டு ஒரு நிறுவனத்தைத் தொடங்க, 1960இல் யொக்காயிச்சியில் உற்பத்தி ஆரம்பமானது. பத்தே ஆண்டுகளில் ஜப்பான் உலகின் முன்னணிச் செயற்கை ரப்பர் நாடுகளில் ஒன்றாகிவிட்டது. (அதே ஊர்தான் ஆலைப்புகையால் ஆஸ்துமா பரவி, 1972 ஜூலையில் நீதிமன்றம் ஆறு நிறுவனங்களைப் பொறுப்பாக்கித் தீர்ப்பளித்த ஊர். மலிவான பொருளுக்கு யாரோ ஒருவர் எங்கோ விலை கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்.)

இதில் ஒரு பழைய கணக்கும் உண்டு. செயற்கை ரப்பரை ஜெர்மானியர்கள் முன்பே செய்து பார்த்திருந்தார்கள். ஆனால் அது பேருருவம் எடுத்ததற்குக் காரணம் ஜப்பானியப் படை. 1942 தொடக்கத்தில் மலாயாவும் சிங்கப்பூரும் பிறகு ஜாவாவும் விழுந்ததும், அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் பெரும்பகுதி ஒரே வீச்சில் நின்றுபோனது. டயர் இல்லாமல் போர் நடத்த முடியாது. அரசாங்கப் பணத்தில் ஆலைகளைக் கட்டினார்கள். 1941இல் சில ஆயிரம் டன் மட்டுமே செய்த நாடு 1945இல் 8 லட்சம் டன் அளவுக்குச் செயற்கை ரப்பர் செய்தது. போர் முடிந்த பிறகு அந்த ஆலைகளில் பல மூடப்படாமல் தனியார் கைக்குப் போயின. 1960களின் தொடக்கத்தில் உலக உற்பத்தியில் செயற்கை ரப்பர் இயற்கை ரப்பரை முந்திவிட்டது. மலாயாவைப் பிடித்து ரப்பரை முடக்கியவர்கள் போட்ட விதை, கால் நூற்றாண்டு கழித்து அவர்கள் நாட்டிலேயே முளைத்து அதே மலாயா ரப்பரின் விலையை அழுத்தியது.

தோட்டத்துப் பக்கம் சும்மா இருந்துவிடவில்லை. கோலாலம்பூர் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் கூடுதலாகப் பால் தரும் ஒட்டுரகங்களைக் கொடுத்தது, அவற்றில் ஆர்.ஆர்.ஐ.எம். 600 இன்றுவரை பேர்பெற்றது. 1965இல், கண்ணால் பார்த்துத் தரம் பிரிக்கும் பழைய புகைத்தாள் முறைக்குப் பக்கத்தில், அழுக்கும் சாம்பலும் எத்தனை விழுக்காடு என்று சோதித்து முத்திரையிட்ட கட்டி ரப்பரை மலேசியா சந்தைக்குக் கொண்டுவந்தது. இயற்கை ரப்பருக்கு இயல்பாகவே ஒரு பலமும் இருந்தது. ஓடும்போது சூடு குறைவாக ஏறும் என்பதால் லாரி டயருக்கும் விமான டயருக்கும் அதை விட்டால் வேறு கதியில்லை. ஆனால் கார் டயரிலும் செருப்பிலும் விரிப்பிலும் செயற்கை நுழைந்துவிட்டது. விலை உச்சவரம்பை அங்கிருந்துதான் நிர்ணயித்தார்கள்.

இனி மண்டபத்துக்குப் போகலாம். 1973 ஏப்ரல், தாய்லாந்தின் பட்டாயா. ஆசியான் வெளியுறவு அமைச்சர்களின் ஆறாவது கூட்டம். மலேசியா தன் குறையை அங்கே வைத்தது: ஜப்பான் தன் செயற்கை ரப்பர் ஆலைகளைக் கணக்கில்லாமல் விரிவாக்கிக்கொண்டே போகிறது, ஏற்றுமதியும் செய்கிறது, எங்கள் பொருளாதாரம் ஆட்டம் காண்கிறது. ஐவரும் சேர்ந்து ஜப்பானைக் கண்டித்து, பேச்சுக்கு வா என்று அழைக்க முடிவெடுத்தார்கள்.

மலேசியா அப்போது உலகிலேயே பெரிய இயற்கை ரப்பர் நாடு. இந்தோனேசியாவும் தாய்லாந்தும் அடுத்தடுத்து நின்றன. மூன்றையும் கூட்டினால் உலக உற்பத்தியில் நான்கில் மூன்று பங்கு. அந்த மூவர் சேர்ந்ததில் வியப்பில்லை. பிலிப்பைன்ஸில் மின்டனாவோ பக்கம் கொஞ்சம் மரம் உண்டு, அவ்வளவுதான். சிங்கப்பூரில் பேச்சுக்குக்கூடத் தோட்டம் இல்லை. ஆனால் சுற்றுவட்டார ரப்பரில் பெரும் பங்கு அதன் கிடங்குகளையும் சந்தையையும் கடந்துதான் கப்பல் ஏறியது. அந்நாட்டு அமைச்சர் ராஜரத்தினத்துக்கு ரப்பர் என்ன என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1915இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, கைக்குழந்தையாக மலாயாவுக்கு வந்தவர். அவருடைய தந்தை ரப்பர்த் தோட்டத்தில் மேற்பார்வை வேலை பார்த்தவர். ஆனால் இதையெல்லாம் பாசக்கதையாக்க நான் விரும்பவில்லை. மற்ற இரு நாடுகளுக்கும் இந்தத் தீர்மானத்தில் செலவு ஒன்றுமில்லை, வரவு இருக்கலாம். நாளைக்குச் சர்க்கரையோ தேங்காயெண்ணெயோ சிக்கலில் மாட்டினால் மலேசியாவும் கை தூக்கும் அல்லவா?

இன்னொரு கேள்வியை அன்றே யாராவது கேட்டிருக்க வேண்டும். உலகில் மிக அதிகமாகச் செயற்கை ரப்பர் செய்த நாடு அமெரிக்கா. அதன் மேல் வழக்கு இல்லை, ஜப்பான் மேல் மட்டும் ஏன்? என் கணிப்பு இது. அமெரிக்கா அண்மைவரை வியட்நாமில் போரிட்ட காவல்காரன்; அதனிடம் கடுமையாகப் பேச ஐவரில் எவரும் தயாராக இல்லை. ஜப்பானோ தன் எண்ணெயில் பெரும்பகுதியை மலாக்கா நீரிணை வழியாகக் கொண்டுபோகிற நாடு. மரமும் தகரமும் தாதுவும் இங்கிருந்து வாங்குகிற நாடு. தலையசைக்க மறுத்தால் இழப்பதற்கு அதற்கு நிறைய இருந்தது. இதற்கெல்லாம் மேலே, போர்க்காலத்துப் பழைய குற்றவுணர்ச்சி.

அந்தக் கணக்கு அப்போதும் சரியாகத் தீர்ந்திருக்கவில்லை. சயாம்–பர்மா மரண ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கூட்டிப்போன தமிழர்கள் பல்லாயிரம் பேர். அவர்களில் திரும்பாதவர்களும் பல்லாயிரம். எந்த லயத்திலும் ஒரு வீட்டுக் கதையாவது அதில் முடியும். சிங்கப்பூரில் 1962இல் ஜப்பானியப் படை கொன்றவர்களின் கூட்டுப் புதைகுழிகள் வெளிப்பட, அடுத்த ஆண்டு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நகர மண்டபத்தின் முன்னே கூடி இரத்தக் கடனைத் தீர்க்கச் சொன்னார்கள். கடைசியில் சிங்கப்பூருக்கு 5 கோடி வெள்ளி, அதில் பாதி கடன். மலேசியாவுக்கு 1967 செப்டம்பரில் கையெழுத்தானது இரண்டரைக் கோடி வெள்ளி. அது வந்து சேர்ந்தது சரக்குக் கப்பல்களாக. இந்தோனேசியாவுக்கு 1958இல் ஒப்பந்தமான இழப்பீடும் இப்படித்தான். ஜகார்த்தாவின் ஹோட்டல் இந்தோனேசியாவும் சாரினா பல்பொருள் அங்காடியும் அந்தப் பணத்தில் எழுந்தவை. இழப்பீடு பெரும்பாலும் ஜப்பானியப் பொருளாகவும் ஜப்பானியப் பொறியாளராகவும் வந்தது. உதிரி பாகம் வாங்க மறுபடியும் ஜப்பானுக்கே போக வேண்டியிருந்தது. தண்டனைக்காரன் கட்டிய அபராதம் அவனுடைய கடைக்கு விளம்பரமாக முடிந்த விந்தையை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

ரப்பர் வழக்குக்கு ஜப்பானின் பதில் மரியாதையாக இருந்தது. 1973 நவம்பரில் இரு தரப்பும் சேர்ந்து ரப்பருக்கென்று ஒரு மன்றம் அமைத்தன. ஆசியான் என்ற பெயரில் ஐந்து நாடுகளும் ஒரு பக்கமும் ஜப்பான் மறுபக்கமுமாக உட்கார்ந்த முதல் மேசை அதுதான். உங்கள் நலனையும் கருத்தில் கொண்டு உற்பத்தியைப் பார்த்துக்கொள்கிறோம் என்று ஜப்பான் வாக்குக் கொடுத்தது. மலேசிய ரப்பர் ஆராய்ச்சிக்கு ஒரு டயர்ச் சோதனைக்கூடம் அமைக்கத் தொழில்நுட்ப உதவியும் தருவதாகச் சொன்னது.

மேசை போட்ட மாதத்தைக் கவனியுங்கள். அதற்கு முந்தைய மாதம் அரபு–இஸ்ரேல் போர் மூண்டு, எண்ணெய் நாடுகள் குழாயைத் திருகிவிட்டிருந்தன. கச்சா எண்ணெய் விலை சில மாதங்களில் நான்கு மடங்கானது. நாப்தா கிடைக்கவில்லை, யொக்காயிச்சி ரப்பரின் அடக்கவிலை எகிறியது, தோட்டத்து ரப்பருக்குக் கிராக்கி வந்தது. ஐந்து அமைச்சர்கள் மன்றாடிப் பெற நினைத்ததை அரபு ஷேக்குகள் ஒரே வாரத்தில் செய்துகொடுத்துவிட்டார்கள். ஆனாலும் கோலாலம்பூரிலும் பாங்காக்கிலும் அதிகாரிகள் வேறொன்றைக் கண்டுகொண்டார்கள். சேர்ந்து போனால் ஜப்பான் கதவைத் திறக்கிறது.

கதவு திறந்ததும் அங்கே நின்றவர் பிரதமர் காக்குயெய் தனாகா. 1974 ஜனவரி 7 முதல் பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியா என்று ஐந்து நாட்டுச் சுற்றுப்பயணம். எண்ணெய்க்கு அலைந்துகொண்டிருந்த நேரம். இந்தோனேசியாவில் எண்ணெயும் எரிவாயுவும் இருந்தன. நல்லெண்ணப் பயணம் என்று பெயர் வைத்தார்கள்.

தாய்லாந்தில் அதற்கு ஓராண்டுக்கு முன்பே மாணவர்கள் ஜப்பானியப் பொருள்களைப் புறக்கணிக்கும் போராட்டம் நடத்தியிருந்தார்கள். 1972 நவம்பரில் பத்து நாள். பாங்காக்கின் நடுவே குளிர்சாதன வசதியோடு மின்னிக்கொண்டிருந்த தாய் டாய்மாரு அங்காடி அவர்களுடைய கண்ணை உறுத்தியது. கையில் ஜப்பானியக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே ஜப்பானியப் பொருளை வாங்காதே என்று கோஷம் போடுகிறீர்களே என்று கேலி செய்தவர்களும் உண்டு. அதே மாணவர் இயக்கம் அடுத்த ஆண்டு அக்டோபர் 14இல் இராணுவ ஆட்சியையே இறக்கிக் காட்டியது. எனவே தனாகா வந்து இறங்கியபோது பாங்காக் மாணவர்கள் முழு உற்சாகத்தில் இருந்தார்கள். கொடும்பாவி எரிந்தது. அவர் மாணவர் பிரதிநிதிகளை அழைத்துப் பேசியும் பார்த்தார்.

ஜகார்த்தாவில் பேச்சுக்கு இடமே இல்லாமல் போனது. ஜனவரி 15 காலை, சலெம்பாவிலிருந்து மாணவர் ஊர்வலம் புறப்பட்டது. விலைவாசியைக் குறை, ஊழலை ஒழி, அதிபர் சுகார்த்தோவின் தனி ஆலோசகர் குழுவைக் கலை என்பவை அவர்களுடைய கோரிக்கைகள். ஜப்பானின் பெயர் ஒரு கைப்பிடி மட்டுமே. மதியத்துக்குப் பிறகு மாணவர் அல்லாதவர்கள் தெருவில் இறங்கினார்கள். ஜப்பானியக் கார் என்றால் நிறுத்தித் தீ வைத்தார்கள். மோட்டார் சைக்கிள்களைக் கால்வாயில் தள்ளினார்கள். சுதிர்மான் சாலையில் டொயோட்டா விற்பனைக்கூடம் எரிந்தது. செனென் சந்தைக் கட்டடம் எரிந்தது. அங்கே கடை வைத்திருந்தவர்கள் சீனர்களும் இந்தோனேசியர்களும்தான், ஜப்பானியர்கள் இல்லை. 11 பேர் இறந்தார்கள். எரிந்தும் நொறுங்கியும் போன கார்கள் 800ஐத் தாண்டின. கைதானவர்கள் நூற்றுக்கணக்கில், அவர்களுள் இந்தோனேசியப் பல்கலைக்கழக மாணவர் தலைவர் ஹரிமான் சிரெகாரும் ஒருவர். அதிபர் மாளிகையில் முடங்கிக் கிடந்த தனாகாவைத் தரைவழியாக அனுப்பத் துணியாமல், 17ஆம் தேதி ஹெலிகாப்டரில் ஏற்றி ஹலிம் விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டார்கள்.

இந்தோனேசியர்கள் அந்த நாளை மலாரி என்கிறார்கள், ஜனவரி 15 பேரிடர் என்பதன் சுருக்கம். ஜெனரல் சுமித்ரோவுக்கும் ஜெனரல் அலி முர்த்தோப்போவுக்கும் இடையிலிருந்த அதிகாரப் போட்டிதான் தெருவில் வெடித்தது என்று சொல்வோர் இன்றும் உண்டு. சுமித்ரோ சில வாரங்களில் பதவி இழந்ததையும் அவர்கள் சுட்டுவார்கள். அது முழுக் காரணமா இல்லையா என்பது இந்தோனேசிய வரலாற்றாசிரியர்களின் பாடு. டோக்கியோவில் அதைப் படித்த விதம்தான் நமக்கு வேண்டியது. கோவையும் பேனாவுமாக ரப்பர் மன்றத்தில் கேட்ட முறையீட்டையும், புகை மண்டலத்துக்குள் கேட்ட கூச்சலையும் ஜப்பானிய அதிகாரிகள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பொருளாதார விலங்கு என்று உலகம் தங்களைக் கூப்பிடுவது அவர்களுக்குத் தெரியாததல்ல. அதற்கு இங்கே தீயும் கல்லும் உண்டு என்பது புதுச் செய்தி.

அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே வெளிநாட்டு உதவிக்கென்று ஜைக்கா என்ற முகமை உருவானது. அக்டோபரில் ஒரு கப்பல் புறப்பட்டது: ஐந்து ஆசியான் நாடுகளிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் இளைஞர்களை ஏற்றிக்கொண்டு துறைமுகம் துறைமுகமாகப் போய், ஒவ்வோர் ஊரிலும் ஒரு வீட்டில் தங்கவைக்கும் ஏற்பாடு. ஆண்டுதோறும் பல பத்தாண்டுகள் போய்வந்தது. உதவித்திட்டங்களின் பட்டியலில் இது சின்னது. ஆனால் கோடிகளைக் கொட்டிய பலவற்றைவிட இது மனிதர்களைத் தொட்டிருக்கும் என்றே எனக்குப் படுகிறது.

இடையில் ரப்பர் என்ன ஆனது? எண்ணெய் விலை உயர்வால் ஏறிய விலை, அதே எண்ணெய் விலை உயர்வு கொண்டுவந்த உலகப் பொருளாதார மந்தத்தில் 1974இன் பிற்பகுதியில் சறுக்கி விழுந்தது. கார் விற்கவில்லை என்றால் டயர் விற்காது. அரிசி விலையோ ஏறிக்கொண்டிருந்தது. கெடா மாநிலத்து பாலிங்கில் ஓரிரு ஏக்கர் மரம் வைத்திருந்த மலாய் விவசாயிகள் நவம்பரில் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். டிசம்பர் தொடக்கத்தில் கோலாலம்பூர் மாணவர்கள் அவர்களுக்காக ஊர்வலம் போய்க் கண்ணீர்ப்புகை வாங்கினார்கள். அப்போது உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடிபட்டு ஏறத்தாழ இருபது மாதம் உள்ளே இருந்த இளைஞர் தலைவர்தான் பின்னாளில் மலேசியப் பிரதமரான அன்வார் இப்ராகிம். ரப்பர் மன்றம் அமைந்து சரியாக ஓராண்டு ஆகியிருந்தது. பாலிங் விவசாயிக்கு அதனால் ஒரு காசு கூடக் கிடைக்கவில்லை.

பிறகு நிகழ்ச்சிகள் வேகமெடுத்தன. 1975 ஏப்ரல் 30இல் சைகோன் விழுந்தது. அமெரிக்கா மூட்டை கட்டியது. அடுத்தது யார் என்ற அச்சத்தில் ஆசியான் தலைவர்கள் 1976 பிப்ரவரியில் பாலித் தீவில் முதல் முறையாக உச்சிமாநாடு கூடினார்கள்; ஜகார்த்தாவில் பொதுச் செயலகமும் வந்தது. 1977 மார்ச்சில் ஆசியான்–ஜப்பான் மன்றம் முறைப்படி கூடியது. ரப்பருக்கு மட்டுமாக இருந்த மேசையில் இப்போது சுங்கவரி, முதலீடு, கடன் எல்லாம் ஏறின.

அந்த ஆண்டு ஆகஸ்டில் கோலாலம்பூரில் இரண்டாம் உச்சிமாநாடு. அழைப்பின் பேரில் வந்தவர்கள் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான் பிரதமர்கள். ஜப்பானியப் பிரதமர் இப்போது தாக்கேயோ ஃபுக்குடா. நிதியமைச்சகத்தில் வளர்ந்த எழுபதைத் தாண்டிய மனிதர். தனாகாவின் அமைச்சரவையில் ஏறும் விலைவாசியோடு மல்லுக்கட்டியவர் என்பதால் கணக்குத் தெரிந்தவர். ஆசியான் அவரிடம் கேட்டது நன்றாக யோசித்து எழுதிய கோரிக்கை. ஐரோப்பியப் பொதுச்சந்தை 1975இல் தோகோவின் லோமே நகரில் 46 ஆப்பிரிக்க, கரீபிய, பசிபிக் நாடுகளோடு ஓர் உடன்பாடு செய்திருந்தது. விளைபொருள் ஏற்றுமதி வருமானம் சரிந்தால், பள்ளத்தை ஒரு நிதியிலிருந்து இட்டு நிரப்பும் ஏற்பாடு அதில் உண்டு. எங்களுக்கும் அப்படியொன்று செய்துகொடுங்கள் என்றார்கள். பாலிங்கையும் லயத்தையும் நேராகத் தொடும் கோரிக்கை இது ஒன்றுதான்.

சேர்ந்து ஆராய்வோம் என்று ஃபுக்குடா சொன்னார். அரசாங்கப் பேச்சு பழகியவர்களுக்கு அதன் பொருள் தெரியும். மாறாக அவர் கொடுத்தது 100 கோடி டாலர். ஆசியான் தானே திட்டமிட்டிருந்த ஐந்து பெருந்தொழில்களுக்கு, நாட்டுக்கு ஒன்று வீதம்: இந்தோனேசியாவுக்கும் மலேசியாவுக்கும் யூரியா ஆலை, பிலிப்பைன்ஸுக்குச் சூப்பர் பாஸ்பேட், தாய்லாந்துக்குச் சோடா உப்பு, சிங்கப்பூருக்கு டீசல் எஞ்சின். தலைப்புச் செய்தியில் 100 கோடி மட்டும் வந்தது. ஒவ்வொரு திட்டமும் ஐவரின் பொதுத் திட்டமாக உறுதிப்பட வேண்டும், லாபம் தரும் என்று ஆய்வில் தெரிய வேண்டும் என்ற நிபந்தனைகள் உள்பக்கத்தில் இருந்தன.

ஆகஸ்ட் 18இல், பயணத்தின் கடைசி ஊரான மணிலாவில் அவர் ஆற்றிய உரைக்குத்தான் பின்னாளில் ஃபுக்குடா கோட்பாடு என்று பெயர் வந்தது. மூன்று வாக்கு. ஜப்பான் இனி படைவல்லரசாகாது. தென்கிழக்காசியாவோடு மனம்விட்ட உறவு கொள்ளும். ஆசியானுக்குச் சமமான கூட்டாளியாக நடந்து, இந்தோசீன நாடுகளோடும் நல்லுறவு வளர்க்கும். ஜப்பானியத் துருப்புகளிடமிருந்து மணிலாவை மீட்டபோது சிந்திய இரத்தத்தை நேரில் பார்த்தவர்கள் அந்த ஊரில் அப்போதும் உயிரோடு இருந்தார்கள். முதல் வாக்கை அந்த ஊரில் வைத்துச் சொன்னது தற்செயலாக இருக்க முடியாது.

ஆலைகளுக்கு என்ன ஆனது? சிங்கப்பூரின் டீசல் எஞ்சினை மற்றவர்கள் வாங்குவதாக இல்லை. அவரவருக்குச் சொந்த எஞ்சின் ஆலைக் கனவு. சிங்கப்பூர் கோபத்தைக் காட்டிக்கொள்ளாமல் விலகிக்கொண்டது. மற்ற ஆலைகளில் தன் பங்காக அது போட்டது 1 விழுக்காடு. உதாரணமாக ஆச்சே உர ஆலையில் இந்தோனேசியாவுக்கு 60, மலேசியா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்துக்கு ஆளுக்கு 13, சிங்கப்பூருக்கு 1. அந்த ஒற்றை விழுக்காட்டைப் போல நயமாக மனத்தாங்கலைச் சொன்ன அரசாங்கக் கடிதம் எதுவும் இருக்காது. தாய்லாந்தின் சோடா உப்பு வரவே இல்லை. பிலிப்பைன்ஸ் திட்டத்தை மாற்றி மாற்றிக் கடைசியில் கைவிட்டது. 1980களின் நடுவில் எழுந்து நின்றவை இரண்டே இரண்டு: சுமத்ராவில் ஆச்சே ஆலை, சரவாக்கில் பிந்துலு ஆலை. இரண்டுக்கும் காலடியிலேயே எரிவாயு இருந்தது. பின்னாளில் அந்த எரிவாயு கிடைக்காமல் ஆச்சே ஆலையும் மூடப்பட்டது.

ஃபுக்குடா கோலாலம்பூரில் இறங்கிய அந்த 1977இல், நகரத்தைத் தாண்டினால் இருபுறமும் தோட்டங்கள் மாறிக்கொண்டிருந்தன. வயதான பால்மரங்களை அடியோடு சாய்த்து, குவித்து எரித்து, அந்த இடத்தில் முக்கோணம் முக்கோணமாகக் குழிபோட்டுச் செம்பனைக் கன்றுகளை ஊன்றிக்கொண்டிருந்தார்கள். பாமாயிலுக்கு விலை இருந்தது. மங்குகளைச் சாக்கில் அள்ளிக் கட்டி ஸ்டோர் மூலையில் போட்டார்கள். உளி பிடித்த கைகள், நீளக் கழியில் கட்டிய அரிவாளை அண்ணாந்து பிடித்துக் குலை அறுக்கப் பழகத் தொடங்கின.

மணிலாவில் கொடுத்த மூன்றாவது வாக்குக்குப் பதினாறு மாதம்தான் ஆயுள். 1978 டிசம்பரில் வியட்நாமியப் படை கம்போடியாவுக்குள் நுழைந்தது; ஜப்பான் அமைத்த பாலம் எந்தக் கரைக்கு என்ற கேள்வி எழுந்தது. அதை அடுத்த இதழில் பார்க்கலாம்.

(தொடரும்)